நனையாத தூண்டில்

ஆண்கள் மனம்விட்டுப் பேசுவதில்லை என்பது பெண்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறைப்பாடு. கணவன் மனைவியோடு பேசாத மௌனத்தை நமது சிறுகதைகளில் நிறையவே எழுதியிருக்கிறோம். வாப்பா மகனோடு பேசாத மௌனத்தையும் எழுதியாயிற்று. ஆனால், இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் நேசித்து, அதைத் தமக்குள்ளே சொல்லிக்கொள்ளவும் அஞ்சி நாட்களைக் கடத்துவதைப் பற்றி நமது சஞ்சிகைகள் பேசியது மிகக் குறைவு. எழுதினால் எழுதியவனை என்ன சொல்வார்களோ என்ற அச்சம். அந்த அச்சந்தான் இக்கட்டுரையின் பொருளும்.

மார்க்கச் சட்டத்தை ஆராய நான் வரவில்லை. அதற்குரியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது என்னவென்று வாசகர்களுக்குத் தெரியும். அச்சம் மனிதனுக்குள் எப்படி வேலை செய்கிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையே பார்க்க விரும்புகிறேன். அதற்கு இரண்டு கதைகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று அமெரிக்காவிலும் மற்றது இங்கிலாந்திலும் நடப்பவை.

முதலாவது 'புறோக்பேக் மவுண்டன்'. அன்னி புரூ எழுதிய இச்சிறுகதை 1997இல் வெளிவந்தது. 2005இல் அங் லீ அதைத் திரைப்படமாக்கினார். அடுத்த ஆண்டு சிறந்த நெறியாளருக்கான ஒஸ்கார் விருது அவருக்குக் கிடைத்தது. 1963இன் கோடையில் வயோமிங் மாநிலத்து மலையொன்றில் ஆடு மேய்க்கக் கூலிக்குச் சேர்கிறார்கள் என்னிஸ், ஜக் என்ற இரண்டு வறிய இளைஞர்கள். அங்கே அவர்களிடையே உறவு உண்டாகிறது. கோடை முடிய, பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளாமல் பிரிகிறார்கள். இருவரும் திருமணம் செய்து பிள்ளைகளும் பெற்றபின் மீண்டும் சந்திக்கிறார்கள். அதன்பிறகு ஆண்டில் ஓரிரு தடவை மீன்பிடிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு மலைக்குப் போவது வழக்கமாகிறது. இப்படியே இருபது வருடம் போகிறது.

சிறியதொரு பண்ணை எடுத்துச் சேர்ந்து வாழலாம் என்கிறான் ஜக். முடியாது என்கிறான் என்னிஸ். அவனுக்கு ஒன்பது வயதாயிருக்கும்போது, இன்னோர் ஆணோடு சேர்ந்து வாழ்ந்த கிழவர் ஒருவர் ஊராரால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த மையித்தைப் பார்க்கவென்றே அவனுடைய தகப்பன் அவனைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறான். பிள்ளைக்குத் தகப்பன் நடத்திய பாடம் அது. நானும் பாடம் நடத்துகிறவன். ஒன்பது வயதில் படிந்தது எவ்வளவு ஆழத்தில் கிடக்கும் என்பதை அறிவேன். என்னிஸ் உறுதியற்றவன் என்று சொல்வது இலகு. உண்மையில் அவன் படித்த பாடத்தை மறக்காத மாணவன்.

இக்கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இருவரையும் பற்றியே பேசுகிறார்கள். என் மனம் நின்றது அல்மாவிடம். அவள் என்னிஸின் மனைவி. இருவரும் தழுவி முத்தமிடுவதை அவள் கதவிடையே கண்டுவிடுகிறாள். கண்டும் வருடக்கணக்காக வாய் திறக்கவில்லை. ஒருமுறை, கணவன் மீன்பிடிக்கப் புறப்படும் முன்னிரவில், அவனுடைய மீன்பிடிப் பெட்டியைத் திறந்து தூண்டில் நரம்பின் நுனியில் ஒரு துண்டுக் கடிதத்தைக் கட்டிவைக்கிறாள். வீட்டுக்குக் கொஞ்சம் மீன் கொண்டுவரும்படி அன்போடு எழுதிய இரண்டொரு வரிகள். அவன் திரும்பி வந்தபின் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். கடிதம் கட்டிய இடத்திலேயே இருக்கிறது. அந்தத் தூண்டில் தண்ணீரைத் தொடவேயில்லை.

கடலோரத்தில் பிறந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மீன்பிடிக்கப் போனவனின் தூண்டில் நனையாமல் வந்தால் அவன் எங்கே போனான் என்று கேட்க வேண்டியவள் மனைவிதான். அல்மா கேட்கவில்லை. மணமுறிவு வந்து, வேறொருவனுக்கு மனைவியான பிறகுதான் கேட்கிறாள். இரண்டு ஆண்களின் அச்சத்துக்கு அவள் தன் இளமையில் பல வருடங்களைக் கொடுத்திருக்கிறாள். இத்தனைக்கும் அவள் எதற்கும் உடன்பட்டவள் அல்லள். அவளிடம் யாரும் எதையும் கேட்கவுமில்லை.

இரண்டாவது 'வீக்எண்ட்'. அன்ட்ரூ ஹே எழுதி நெறிப்படுத்திய இத்திரைப்படம் 2011இல் வந்தது. நொட்டிங்ஹாம் நகரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு மாலை முடிகிறது. கொலையில்லை, வில்லனில்லை. ரசல் நீச்சல் தடாகமொன்றில் உயிர்காப்பாளனாக வேலை செய்கிறான். பெற்றோரை அறியாதவன், வளர்ப்பு வீடுகளில் வளர்ந்தவன். கிளென் ஓவியக் கலை சார்ந்தவன்; பேச்சில் முள் வைத்திருப்பவன். தனக்குக் காதலர் என்று எவரும் தேவையில்லை என்கிறான். முன்னர் நம்பியவன் ஒருவன் ஏமாற்றியிருக்கிறான் என்பது பிறகுதான் நமக்குத் தெரியவருகிறது. ஞாயிறன்று அவன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறான். அதை மறுநாள்வரை ரசலிடம் சொல்லவுமில்லை.

இந்த இருவரின் தற்காப்பும் வேறுவேறு வகை. கிளென் சத்தமாகப் பேசித் தன்னை மறைக்கிறான். ரசல் பேசாமலிருந்து மறைக்கிறான். கிளெனுடைய கையில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி. சந்தித்தவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்கிறான். தன்னை மட்டும் பதிவுக்குக் கொடுப்பதில்லை. ரசல் தான் சந்தித்தவர்களைப் பற்றித் தன் கணினியில் எழுதிவைக்கிறான்; யாருக்கும் காட்டுவதில்லை. ஒருவன் பிறருடைய வார்த்தைகளைச் சேர்க்கிறான், மற்றவன் தன்னுடைய வார்த்தைகளைப் பூட்டிவைக்கிறான். இரண்டும் ஒரே நோய்தான்.

என்னிஸுக்கு அடித்துக் கொல்வார்கள் என்ற பயம். இவர்களுக்கு என்ன பயம்? இங்கிலாந்தில் 1967இலேயே இது குற்றம் என்ற நிலை பெருமளவு நீங்கிவிட்டது. 2005 இறுதியிலிருந்து இருவர் தம் உறவைப் பதிவு செய்துகொள்ளலாம் என்ற சட்டமும் நடைமுறைக்கு வந்தது. படத்தில் இருவரும் திருமணம் வேண்டுமா வேண்டாமா என்று விவாதிக்கக்கூடச் செய்கிறார்கள். ஆயினும் ரசலுக்குத் தெருவில் அவனோடு நெருங்கி நிற்கக் கூச்சம். தெருவிலே எவனாவது கூவிவிடுவான் என்ற எதிர்பார்ப்பு, கூவவும் செய்கிறார்கள்.

நமது நாட்டில் நிலைமை வேறு. அதே ஆங்கிலேயர் 1883இல் தந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் அவர்கள் போன பிறகும் இங்கே தங்கிவிட்டன. 1995இல் செய்த திருத்தம் 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. அதை மாற்றுவதற்காகக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. சட்டம் எப்படியும் போகட்டும். சட்டம் போன ஊரிலும் அச்சம் போகவில்லை என்பதைத்தான் இப்படம் காட்டுகிறது. அப்படியானால் அச்சத்தின் இருப்பிடம் சட்டப் புத்தகம் மட்டும் அல்ல.

அது எங்கே இருக்கிறது என்பதற்குப் படத்தில் ஓர் இடம் உண்டு. ரசலுக்குத் தகப்பனில்லை, ஆகவே தன்னைப் பற்றித் தகப்பனிடம் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இதைக் கேட்ட கிளென், நான்தான் உன் தகப்பன், சொல் என்கிறான். விளையாட்டாகத்தான் தொடங்குகிறது. ரசல் தயங்கிச் சொல்கிறான். கிளென் தகப்பனாக நின்று, உன்மீது எனக்குள்ள அன்பு குறையவில்லை என்ற கருத்தில் பதில் சொல்கிறான். யாருக்கும் காதலனாக இருக்கமாட்டேன் என்று சொன்னவன், ஒரு நிமிடம் தகப்பனாக இருக்கச் சம்மதிக்கிறான். இந்த இரண்டு நாட்களில் அவர்கள் மிக நெருங்கி வந்த இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

என்னிஸின் தகப்பன் மையித்தைக் காட்டினான். ரசலுக்குக் காட்டவோ கேட்கவோ தகப்பனே இல்லை. இரு கதைகளிலும் இல்லாதது கேட்கும் காது.

இது மேல்நாட்டார் விடயம், நமக்கென்ன என்று சொல்லலாம். சென்ற ஆண்டு ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். மகன் என்னிடம் படித்தவன். இப்போது வளைகுடா நாடொன்றில் வேலை. மூன்று கல்யாணப் பேச்சைத் தட்டிவிட்டான். "நீங்க சொன்னாக் கேப்பான் சேர்" என்றார். நான் அவனோடு தொலைபேசியில் பேசினேன். "எனக்கு வேணாம் எண்டு உம்மாட்டச் சொல்லுங்க சேர்" என்றான். ஏன் என்றேன். வெகுநேரம் சத்தமில்லை. "ஒரு விசயம் இருக்கு சேர்" என்றான். பிறகு, "சரி சேர், வேலைக்கு நேரமாகுது" என்று வைத்துவிட்டான்.

அந்த விடயம் என்னவென்று எனக்குத் தெரியாது. கடனாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், வேறொரு பெண்ணாகவும் இருக்கலாம். ஊகிப்பது என் வேலையல்ல. ஆனால் அவன் வாய் திறக்குமுன் நாள் குறித்தால் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எங்கோ ஒரு வாப்பா வளவு வாங்கி வீடு கட்டியிருப்பார். எங்கோ ஓர் உம்மா நகையை விற்றிருப்பார். அந்த வீட்டுக்குள் ஒரு பிள்ளை, தன் மாப்பிள்ளை ஏன் தன்னோடு பேசுவதில்லை என்று அறியாமல், நனையாத தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பயந்தவனைக் கல்யாணம் திருத்திவிடும் என்று நாம் நம்புகிறோம். கல்யாணம் வைத்தியசாலை அல்ல. பெண்பிள்ளை மருந்தும் அல்ல.

அந்தத் தாயிடம் நாள் குறிக்க வேண்டாம் என்றேன். அவன் பேசட்டும், அதுவரை பொறுங்கள் என்றேன். அவருக்கு என்மீது மனத்தாங்கல். அவனுக்கு, எந்த நேரத்தில் எடுத்தாலும் பேசலாம் என்று செய்தி அனுப்பினேன். ஒருவன் நம்பிச் சொன்னது அமானிதம் என்று நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. கேட்டதை ஊர் முழுக்கக் கொண்டு திரிகிற இடத்தில் யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். சொன்னதையெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதல்ல. ஏற்பதும் மறுப்பதும் கேட்ட பின்னர் வருகிற காரியங்கள். கேட்கவே மாட்டோம் என்று காதைப் பொத்திக்கொண்டு, பிறகு ஆண்கள் பொறுப்பெடுக்கப் பயப்படுகிறார்கள் என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

'வீக்எண்ட்' படத்தில் ரசலுக்கு ஜேமி என்றொரு நண்பன் இருக்கிறான். மனைவி பிள்ளையோடு வாழ்கிற சாதாரண மனிதன். ரசல் தன் மனக்காரியங்களை அவனிடம் பேசுவதேயில்லை. ஞாயிறன்று ஜேமியின் மகளுடைய பிறந்தநாள் விருந்து நடக்கிறது. ரசல் முகம் வாடி நிற்பதைக் கண்ட ஜேமி அவனைத் தனியே அழைத்து, இதையெல்லாம் என்னிடம் ஏன் சொல்வதில்லை என்று கேட்கிறான். அன்றுதான் ரசல் வாய் திறக்கிறான். மகளின் விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே ஜேமி அவனைப் புகையிரத நிலையத்துக்கு ஏற்றிப் போகிறான்.