மூச்சுக் குழாய்

வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜே.சி. சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், தந்தை விட்டுச்சென்ற பழைய புல்லட்டுடன் ஓர் ஆய்வு மாணவர் மூன்றாம் முறையாக வந்து நின்றார். 346 சிசி வார்ப்பிரும்பு என்ஜின். முழுதும் பிரித்துக் கட்டிய பிறகும் ஆயில் கசிந்தது. பேக்கிங் இருமுறை மாற்றியாயிற்று. (கேஸ்கெட் என்ற சொல் அச்சந்தின் தமிழிலும் இல்லை, கன்னடத்திலும் இல்லை.) விற்பனை விளம்பரம் கைப்பேசியில் எழுதப்பட்டிருந்தது.

மூத்த மெக்கானிக் ஸ்பானரைத் தொடவில்லை. என்ஜினை மண்ணெண்ணெயால் கழுவி, உலர்த்தி, முகப்பவுடர் தூவி வண்டியைக் கிளப்பினார். ஓரிடத்தில் அன்று, எல்லா இணைப்புகளிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பவுடர் நனைந்தது.

“பேக்கிங் கெடலை தம்பி, மூச்சு அடைச்சிருக்கு.”

பிஸ்டன் இறங்குந்தோறும் கிராங்க்கேஸின் காற்று பிரீதர் வழியே வெளியேற வேண்டும். அங்குள்ள வாத்தலகு போன்ற ரப்பர், காற்றை வெளியே மட்டும் விடும். அது இறுகி ஒட்டியிருந்தது. போக்கிடமற்ற அழுத்தம், கிடைத்த இடுக்கிலெல்லாம் ஆயிலைத் தள்ளியிருக்கிறது. பிஸ்டன், வால்வு, சீல் அனைத்தையும் புதிதாக்கியவர்கள் அந்தச் சிறு ரப்பரை மட்டும் பழையதாகவே மாட்டியிருந்தனர்.

ரப்பரை மாற்றி அரைமணி நேரம் ஓடவிட்டபின், அடியில் விரித்த செய்தித்தாளை இருவரும் குனிந்து பார்த்தனர். ஒரே ஒரு சொட்டு.

“புல்லட்டுன்னா அவ்வளவு இருக்கணும்” என்றார் மெக்கானிக்.