மூட்டுவலிக்கு ரத்தம் சொல்லும் பதில்

மூட்டுவலி என்றாலே வயதானவர்களுக்கு வரும் தேய்மானம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மூட்டுவாதத்தில் நூறு வகைகளுக்கு மேல் உண்டு. எல்லாவற்றிலும் வலி இருக்கும். மருந்து மட்டும் ஒன்றல்ல.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளிக் காட்டில் வேலை செய்யும் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் போன பிறகுதான் கை வழிக்கு வருகிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து மலை இறங்கி, கள்ளக்குறிச்சி வந்து ரத்தம் கொடுக்கிறார். அந்த ரிப்போர்ட்டில் என்ன இருக்கும்?

முதலில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இவை உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். எந்த நோயால் என்று காட்டாது. தேய்மான மூட்டுவலியில் இவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அடுத்தது ஆர்.ஏ. ஃபாக்டர். நார்வே நாட்டு எரிக் வாலர் 1940ல் கண்டறிந்தது. முடக்குவாதம் உள்ளவர்களில் சுமார் 70 முதல் 80 சதவீதம் பேருக்குத்தான் இது பாசிட்டிவ் ஆகும். காசநோய், ஹெபடைடிஸ் சி இருந்தாலும், சும்மா வயதானாலும் கூட பாசிட்டிவ் ஆகலாம். 1990களின் இறுதியில் வந்த ஆன்டி சி.சி.பி. இதைவிட நம்பகமானது. அது பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் முடக்குவாதம்தான். ஆனால் நோய் இருந்தும் இரண்டுமே நெகட்டிவ் ஆக வருபவர்களும் உண்டு.

கால் கட்டைவிரல் திடீரென்று வீங்கிச் சிவந்தால் யூரிக் அமிலம் பார்ப்பார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது அது சரியான அளவில் இருப்பது போலக் காட்டி ஏமாற்றுவதும் உண்டு. முதுகு இறுகும் இளைஞர்களுக்கு எச்.எல்.ஏ. பி27. அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோயே வருவதில்லை.

2006ல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியது நினைவிருக்கும். காய்ச்சல் போன பிறகும் பலருக்கு மாதக்கணக்கில் மூட்டுவலி இருந்தது. பார்வைக்கு முடக்குவாதம் போலவே இருக்கும். அதனால்தான் சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்பதும், சிக்குன்குனியா ஐ.ஜி.எம். பார்ப்பதும்.

ஒரே ஒரு வவுச்சரை வைத்துக்கொண்டு வருடக் கணக்கை முடிக்க முடியுமா? அதுபோலத்தான் இதுவும். எந்த மூட்டு, எத்தனை வாரம், காலையில் எவ்வளவு நேரம் இறுக்கம் என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் ரத்தம் சொல்வது புரியும்.

அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று இருப்பதைப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று வலி மாத்திரையோடு அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? முடக்குவாதத்தில் மூட்டு அரிப்பு முதல் இரண்டு வருடத்திலேயே தொடங்கிவிடலாம். கோணிப்போன விரலைப் பிறகு மருந்தால் நிமிர்த்த முடியாது. களை எடுக்கும் கைக்கு அது பெரிய நஷ்டம்.

ஆகவே ரிப்போர்ட் நெகட்டிவ் என்றாலும் வீக்கமும் காலை இறுக்கமும் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால், மூட்டுவாத மருத்துவரைப் பார்ப்பதே நல்லது. பழைய ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.