மேடையில் பதித்த அடுப்பு: கொல்லிமலைப் பெண்களின் மண்வேலை

கொல்லிமலை வீடுகளில் விறகடுப்பு என்பது வாங்கி வந்து வைக்கும் பொருள் அன்று. தரையோடும் தாழ்ந்த மண்மேடையோடும் சேர்த்துக் கட்டப்படுவது. நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த மலையில் வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு என 'நாடு' எனப்படும் பல பகுதிகளில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி எரிவாயு உருளை வந்து சேரும் வீட்டிலும் பின்புறத்திலோ தாழ்வாரத்திலோ மண் அடுப்பு ஒன்று இருக்கும். அதைக் கட்டுபவர்கள் பெரும்பாலும் அந்தந்த வீட்டுப் பெண்களே. கூலி பேசாத வேலை என்பதால் இதை யாரும் தொழிலாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மண்ணறிவும் அளவும் கைப்பக்குவமும் இல்லாமல் நல்ல அடுப்பு அமையாது.

அடுப்பை மேடையில் பதித்துக் கட்டுவதற்கு முதல் காரணம் இங்குள்ள உணவு. சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் மலையின் பழைய சாப்பாடு. களி கிண்டும்போது மாவு இறுக இறுகத் துடுப்பைப் பிடித்த கை முழு பலத்தோடு பக்கவாட்டில் தள்ளும். தனியாக நிற்கும் அடுப்பு அந்தத் தள்ளலில் நகரும், பானை சாயும். மேடையில் பதிந்த அடுப்பின் வாயில் பானையின் அடி இறங்கி உட்காருவதால் கலம் ஆடாது. இரண்டாவது காரணம் உயரம். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பானையில் தானியம் வேகச் சமவெளியைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். நெடுநேரம் எரியும் தீயின் சூட்டைத் தாங்கி வைத்திருக்கக் கனத்த மண்சுவர் உதவுகிறது.

வேலை மண்ணைத் தேர்வதில் தொடங்குகிறது. வெறும் களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் மிகுந்த மண் உதிரும். கரையான் புற்று மண் நைசாகவும் பசையாகவும் இருப்பதால் அதற்கு மதிப்பு அதிகம். அதோடு செம்மண், நறுக்கிய வைக்கோல் அல்லது உமி, மாட்டுச் சாணம் சேர்த்து நீர் விட்டு மிதிக்கிறார்கள். வைக்கோல் இழைகள் வெடிப்பு ஓடாமல் பிடித்துக்கொள்ளும். தீயில் உமி கருகியபின் சுவருக்குள் நுண்ணிய துளைகள் மிஞ்சும். அவற்றில் தங்கும் காற்று சூடு வெளியே கடப்பதைக் குறைக்கும். மிதித்த மண்ணை ஓரிரு நாள் ஈரத்துணி போட்டுப் புளிக்க வைத்தால் சப்பாத்தி மாவுபோல் கைக்கு இணங்கிவிடும்.

அளவுக்கு அந்த வீட்டுப் பானையே கருவி. வழக்கமாகச் சோறு வடிக்கும் பானையை மேடைமேல் வைத்து அதன் வயிற்றைச் சுற்றிக் கோடு கிழித்து, அதற்கு உட்புறமாக வாயைத் திறக்கிறார்கள். விறகு தள்ளும் முன்வாய் காற்று வரும் திசைக்கு நேராக இல்லாமல் சற்று விலகி இருக்கவேண்டும். இல்லையேல் தீ நிலையாக எரியாது. தரைக்கும் பானையின் அடிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண் விடுகிறார்கள். இடைவெளி குறைந்தால் தீ மூச்சுத் திணறிக் கரி படியும். கூடினால் சுவாலையின் நுனி மட்டுமே பானையைத் தொடும்.

வாயின் விளிம்பில் மூன்று குமிழ்கள் வைப்பதுதான் நுட்பமான கட்டம். பானை இவற்றின்மேல்தான் உட்காரும். மூன்று புள்ளிகளில் நிற்கும் எதுவும் ஆடாது. நான்கு வைத்தால் ஒன்று சற்று தாழ்ந்தாலும் ஆட்டம் வரும். குமிழின் உயரமே பானைக்கும் விளிம்புக்கும் இடையே சூட்டுக்காற்று வெளியேறும் இடைவெளியை முடிவு செய்கிறது. கொடி அடுப்பானால் அருகில் இரண்டாவது வாய் ஒன்று உண்டு. முதல் வாயிலிருந்து உள்ளே சரிவாகத் தோண்டிய குழாய் வழியே மிச்சச் சூடு அங்கே போய்க் குழம்பையோ வெந்நீரையோ காய்ச்சும்.

கட்டிய அடுப்பை நிழலில்தான் உலர்த்துகிறார்கள். வெயில் பட்டால் மேற்புறம் முந்திக் காய்ந்து உட்புறம் ஈரமாகவே நிற்கும். அந்த வேறுபாட்டில் வெடிப்பு விழும். காய்ந்தபின் சிறு சுள்ளியால் மெல்லிய தீ மூட்டிப் பழக்குகிறார்கள். மிளகுக் கொடி படரும் சில்வர் ஓக் மரங்களின் கழித்த கிளைகள் இங்கே எளிதில் கிடைக்கும் விறகு. அதன் பிறகு சாணமும் மண்ணும் கரைத்து மெழுகுவது தொடர் வேலை. மயிரிழை வெடிப்புகள் பெருகாமல் அடைபடுவது அந்த மெழுகலில்தான்.

அடுப்புக்கு மேலே பரண் அமைப்பதும் இதே ஏற்பாட்டின் பகுதி. விதைத் தினையும் கேழ்வரகுக் கதிரும் அங்கே புகையில் இருந்தால் வண்டு அண்டாது. கூரைப் புல்லும் பூச்சி அரிக்காமல் நீடிக்கும். ஆனால் அதே புகையை நாள்தோறும் சுவாசிப்பவர்கள் பெண்களும் குழந்தைகளும். வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. புகை நீக்கம் தவிர்க்கக்கூடாத தேவை.

புகையை நீக்கும் முயற்சிகள் இந்தியாவில் பழையவை. 1950களில் ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி வைத்த மண் அடுப்பைப் பரப்பினார். 1980களின் நடுவில் மத்திய அரசு தொடங்கிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தில் 2002 வரை 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் நாடெங்கும் பதிக்கப்பட்டன. பல இடங்களில் அவை சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. வாயின் அளவு வீட்டுப் பானைக்குப் பொருந்தவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தால் சுத்தம் செய்யும் முறை சொல்லித்தரப்படவில்லை. உடைந்தால் வீட்டார் தாமே சரிசெய்யவும் இயலவில்லை. 2016இல் வந்த உஜ்வலா திட்டம் எரிவாயுவைக் கொண்டு சேர்த்தது. எனினும் மறு உருளையின் விலையும் அடிவாரத்திலிருந்து வரும் தூரமும் விறகடுப்பை முழுதாக அணையவிடவில்லை.

மண்ணை விட்டுக் கல்லுக்கு வந்தாலும், மின்சார அடுப்பை மேடையில் பதிப்பதில் அசையாமை, காற்றுவழி, பொருத்தம் என்ற அதே விதிகளே ஆள்கின்றன. 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனிக் கம்பியும் 16 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் வேண்டும். கிரானைட்டை வெட்டும் மேஸ்திரி நான்கு மூலைகளிலும் முதலில் துளையிட்டு, பிறகுதான் கட்டிங் மெஷினை ஓட்டுகிறார். கூர்மூலை விட்டால் விரிசல் அங்கிருந்தே ஓடும். அடியில் காற்று போக வழி இல்லாவிட்டால் கருவி சூடேறி நின்றுவிடும். 

மண்ணானாலும் கல்லானாலும், நகராமல் நிற்பது, காற்றுக்கு வழி விடுவது, கலத்துக்குப் பொருந்துவது ஆகிய மூன்றும் அமைந்தால்தான் அடுப்பு நிலைக்கும். கொல்லிமலைப் பெண்கள் இம்மூன்றையும் விரலாலும் சாணாலும் அளந்து செய்கிறார்கள். புகை இல்லாத அடுப்பை இந்த மலைக்குக் கொண்டுவரும் எந்தத் திட்டமும் அவர்களை வடிவமைப்பாளர்களாக உட்காரவைத்து, அவர்களுடைய பானையிலிருந்தே அளவெடுத்துத் தொடங்கவேண்டும்.