வீரமுனைக்கு வந்த கப்பலும் நாங்கள் ஏறிய கப்பலும்

சம்மாந்துறைக்கு அடுத்த ஊர் வீரமுனை. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த இடம். கடலைப் பார்க்கவேண்டுமென்றால் காரைதீவுப் பக்கம் போகவேண்டும். இந்த ஊருக்கு ஒரு காலத்தில் கப்பல் வந்தது என்று சொன்னால் வெளியூரார் சிரிப்பார்கள். ஆனால் ஊரின் பழங்கதையே கப்பற் கதைதான்.

சோழநாட்டு அரசகுமாரி சீர்பாததேவியை மணந்த பாலசிங்கன் என்ற இளவரசன், மனைவியோடும் பரிவாரங்களோடும் கப்பலேறி இலங்கைக்கு வருகிறான். திருகோணமலைக் கடலில் கப்பல் நகராமல் நின்றுவிடுகிறது. ஆட்கள் நீரில் இறங்கித் தேட, ஒரு பிள்ளையார் சிலை அகப்படுகிறது. கப்பல் தடையின்றிப் போய் எங்கே தரைதட்டுகிறதோ அங்கே கோயில் கட்டுவதாகத் தேவி நேர்ந்துகொள்கிறாள். தரைதட்டிய இடம் வீரமுனை. கோயிலின் பெயர் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில். 'சிந்து யாத்திரை', அதாவது கடற்பயணம், என்பதே அப்படி மருவியது என்கிறார்கள். சீர்பாத குலத்தார் தம் வரலாற்றை இந்தப் புதுமணத் தம்பதியின் பயணத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்தக் கோயிலைப் பற்றி எழுதும்போது 1990ஐத் தாண்டிப் போய்விட எனக்கு மனமில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் அங்கே தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் எம்மவர்கள் கொல்லப்பட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இரு பக்கத்திலும் இருக்கிறாள்.

கப்பற் கதைக்கு வருகிறேன். அதில் எனக்கு ஒரு குறை உண்டு. முதல் நாள் அந்தப் பெண் என்ன சாப்பிட்டாள், தலை சுற்றியதா, கரை மறைந்தபோது அழுதாளா என்பதை யாருமே சொல்லவில்லை. ஆண்கள் சொல்லி வந்த கதை போலும்!

2023 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் இலங்கைக்கு ஓடத் தொடங்கியது. ஜூன் 5இல் இந்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்பன அது தொடவிருந்த துறைகள். மகன் வெளிநாட்டிலிருந்து பயணச் சீட்டுக்குப் பணம் அனுப்பியபோது நான் வேண்டாமென்றேன். 2004 டிசம்பர் 26இல் எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று வரிசையாக மையித்து எடுத்த வீடுகள். எங்கள் வீட்டிலும் எடுத்தோம். அன்றிலிருந்து நான் கடற்கரை மணலில் கால் வைத்ததில்லை.

"புள்ள, சுனாமி ஆளைக் கொல்வது கரையில்தான். ஆழ்கடலில் அந்த அலை ஒரு முழம், ரெண்டு முழம்தான் உயரும். கப்பலில் இருக்கிறவனுக்குத் தெரியவும் மாட்டாது" என்றார் என் கணவர். விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். அவர் சொன்னது உண்மைதான். அலை ஆழம் குறைந்த கரைக்கு வரும்போதுதான் வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. புத்திக்குப் புரிந்தது. வயிற்றுக்குப் புரியவில்லை.

துறைமுகத்தில் கப்பலைக் கண்டதும், "இந்தக் கட்டடம் மிதக்குமா?" என்றுதான் கேட்டேன். பதினொரு தட்டு, நீளம் 210 மீற்றர் அளவு. பிரான்ஸில் கட்டப்பட்டு 1990இல் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல் இது. எங்கள் மூத்த மகளுக்கு என்ன வயதோ அதே வயது.

முதல் நாளில் பாதி வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கி, அறை இலக்கம் ஒட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவை அறைக்கு வந்து சேரப் பின்னேரமாகலாம். ஆகவே மருந்து, தொழுகை உடுப்பு, மாற்றுடை, கடவுச்சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கப்பல் சுற்றிவந்து மறுபடி சென்னைக்கே போவதால், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நுழையக்கூடிய இந்திய விசா வேண்டுமா என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அறைத் திறப்பாக ஒரு அட்டை தருவார்கள். கடையில் வாங்குவதெல்லாம் அந்த அட்டையில் கடனாக ஏறும். காசு கையைவிட்டுப் போவது தெரியாது, கவனம்! தலைசுற்றலுக்கு அஞ்சுபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் அறை கேட்கவேண்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு.

சாப்பாட்டுக்கூடத்தில் எதற்கும் குறைவில்லை. ஆனால் ஹலால் பற்றிச் சீட்டு எடுக்கும்போதே கேட்டு வைக்கவேண்டும், ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை. நாங்கள் மரக்கறியோடு நின்றுகொண்டோம். மதுச்சாலையும் சூதாட்டக் கூடமும் உள்ள கப்பல் அது. அந்தப் பக்கம் போகாமல் மேல்தட்டில் காற்று வாங்க நிறைய இடம் இருந்தது. லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். கிப்லாவுக்கு மட்டும் கைப்பேசித் திசைகாட்டியை நம்பாமல், கப்பல் ஊழியரிடமும் திசை கேட்டுக்கொண்டோம். இரும்புச் சுவருக்குப் பக்கத்தில் திசைகாட்டி தடுமாறும்.

என் பயத்தைக் கொஞ்சமாவது தணித்தது, ஆட்டபாட்டமல்ல, ஆபத்துகாலப் பயிற்சிதான். ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் குறித்த இடத்தில் கூடவேண்டும். உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டுவது, எந்தப் படகில் ஏறுவது என்றெல்லாம் காட்டினார்கள். முன்பு கப்பல் புறப்பட்டு 24 மணி நேரத்துக்குள் இதைச் செய்தால் போதும் என்றிருந்தது. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியக் கரையில் 'கொஸ்டா கொன்கோர்டியா' பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பயிற்சி நடக்கவேயில்லை. அதன் பிறகே, புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே நடத்தவேண்டும் என்று 2015இலிருந்து சர்வதேச விதி வந்தது. பலர் சிரித்துக்கொண்டு படம் பிடித்தார்கள். நான் அங்கியின் வாரை இரண்டு தடவை கட்டிப் பார்த்தேன். 2004இல் எங்களுக்கு இப்படி ஒரு ஊதல் ஊத ஆளிருக்கவில்லையே என்று நெஞ்சு அடைத்தது.

கப்பல் நகர்ந்தது எனக்குத் தெரியவேயில்லை. சென்னை நகரம்தான் மெல்லப் பின்னால் போவது போலிருந்தது. கலங்கல் நீர் பச்சையாகி, பிறகு கருநீலமானது. பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. இவ்வளவு பெரிய கப்பல் அதனூடாகப் போகமுடியாது. அதனால் அம்பாந்தோட்டைக்குப் போக இலங்கையின் கிழக்குக் கடலைச் சுற்றித்தான் வரவேண்டும். அதாவது திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை என்று எங்கள் கரையோரமாக. சீர்பாததேவி கதையில் வந்த வழியும் ஏறக்குறைய இதுதான்.

இஷா தொழுத பின் மேல்தட்டுக்குப் போனோம். சுற்றிலும் இருட்டு. கீழே நுரை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன், 2004க்குப் பிறகு கடலை நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு நம்மட ஊர் தாண்டும்?" என்று கேட்டேன்.

"பின்னேரமாகும். தூரத்தில்தான் போகும், கரை தெரியாது" என்றார்.

தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அஸருக்குப் பிறகு இடது கரைப் பக்கமா வலது கரைப் பக்கமா நிற்கவேண்டும் என்று கேட்டுவைத்துக்கொண்டேன். தெற்கே போகும்போது ஊர் வலப்பக்கம்.