பனிமலையில் ஒரு கொத்தனார்

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மடியில் கிடக்கும் நாடு ஆஸ்திரியா. குளிர்காலத்தில் அங்கு மலைச்சரிவெல்லாம் வெண்பனி போர்த்திருக்கும். நடை பழகிய குழந்தையும் பனிச்சறுக்குப் பலகையில் கால் வைத்துப் பார்க்கும். அந்நாட்டுச் சிற்றூராகிய ஃபிளாக்காவில் வளர்ந்தவர் ஹெர்மன் மையர். அவர் 1972-ஆம் ஆண்டு பிறந்தவர்.

தந்தையார் அவ்வூரில் பனிச்சறுக்குப் பள்ளி நடத்தினார். மகனோ மெலிந்த உடலினர், முழங்கால்களும் நலிந்திருந்தன. ஆதலின், 15-ஆம் வயதில் பந்தயப் பயிற்சிப் பள்ளி ஒன்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. திரும்பி வந்தவர் கையில் கரணை எடுத்தார். கோடையில் செங்கல் அடுக்கும் கொத்து வேலை. குளிர்காலத்தில் தந்தையின் பள்ளியில் பிறருக்குக் கற்பிக்கும் வேலை. பயிற்சிப் பள்ளி தராத தோள் வலிமையைச் செங்கல் தந்தது எனலாம்.

1996 ஜனவரியில் உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்று அவ்வூரிலேயே நடைபெற்றது. பந்தயத்துக்கு முன்னர்த் தடத்தைச் சோதிக்கச் சிலரை இறக்கிவிடுவர். அவர்களுடைய நேரம் கணக்கில் சேராது. அவர்களுள் ஒருவராய் மையர் இறங்கினார். கணக்கில் சேர்த்திருப்பின் அவருக்கு 12-ஆம் இடம் கிடைத்திருக்கும்! பயிற்றுநர்கள் கொத்தனாரைத் திரும்பிப் பார்த்தது அதன் பின்னரே.

இரண்டே ஆண்டுகளில் அவர் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக் களத்தில் நின்றார். மலையிறக்கப் பந்தயத்தில் வீரர் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் பாய்ந்திறங்குவர். விநாடியின் நூற்றில் ஒரு பங்கும் வெற்றியைப் பறித்துவிடும். வேகத்தை அடக்கினால் தோல்வி. அடக்காவிடில் எலும்புக்கு ஆபத்து. 1998 பிப்ரவரி 13 அன்று மையர் அடக்கவில்லை. வளைவொன்றில் காற்றில் வீசியெறியப்பட்டார். பறந்து, தலை பனியில் மோத விழுந்து, தடுப்பு வேலிகளையும் பிய்த்துக்கொண்டு அப்பால் போய்க் கிடந்தார். கண்டோர் நெஞ்சம் நின்றுவிட்டது. அவரோ தாமே எழுந்து நின்றார்! மூன்று நாள் கழித்துச் சூப்பர் ஜி பந்தயத்தில் தங்கப் பதக்கம். மேலும் மூன்று நாள் கழித்து ஜயன்ட் சலாலம் பந்தயத்தில் மற்றொரு தங்கம்.

பனிமலை செய்யாததைச் சாலை செய்தது. 2001 ஆகஸ்டில் அவருடைய மோட்டார் சைக்கிள் காரொன்றுடன் மோதியது. வலக்கால் நொறுங்கிற்று. காலையே அகற்ற நேருமோ என மருத்துவர் அஞ்சினர். பின்னர் எலும்பினுள் உலோகத் தண்டு செருகிக் காலைக் காத்தனர். 2002 ஒலிம்பிக் பந்தயங்கள் அவரின்றியே நடந்தேறின.

2003 ஜனவரியில் மீண்டும் களம் புகுந்தார். முதற்பந்தயத்தில் இரண்டாம் ஓட்டத்துக்கே தகுதி பெறவில்லை. ‘இனி இவரால் ஆகாது’ என்று எண்ணியோர்க்கு வியப்பு விரைவிலேயே காத்திருந்தது. இரு வாரங்களுள், அதே திங்கள் 27-ஆம் நாள், கிட்ஸ்பியூல் நகரில் சூப்பர் ஜி பந்தயத்தை வென்றார்.

2009-இல் ஓய்வு பெறும்வரை அவர் ஈட்டிய உலகக் கோப்பைப் பந்தய வெற்றிகள் 54. ஒட்டுமொத்த உலகக் கோப்பையை நான்கு முறை வென்றார். நான்காவது கோப்பை 2004-இல், அந்தக் காலோடு வென்றது.