ஒருவர் முழமும் ஊரார் முழமும்

மரவேலைக்கு உளியும் இழைப்புளியும் இன்றியமையாதன என்பதை யாவரும் அறிவர். மரத்தை அசையாமல் பற்றி நிறுத்தும் பொருளும் அவ்வளவே இன்றியமையாதது என்பதைத் தொழிலில் இறங்கியவரே அறிவர். நம் நாட்டுத் தச்சர் நெடுங்காலம் தரையில் அமர்ந்து, பாதத்தாலேயே மரத்தை அழுத்திப் பிடித்து வேலை செய்துவந்தனர். காலே அவர்களுக்குப் பிடிகருவி. அது எந்த மரத்துக்கும் பொருந்திற்று. அதனைக் கடையில் தேட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நின்று வேலை செய்யும் மேசை வந்தபின், காலின் பணியைச் செய்ய வைஸும் முளையும் கொக்கியும் வேண்டியதாயிற்று. அவற்றோடு புதியதொரு வினாவும் வந்தது: இந்த மேசைக்கு அந்தக் கடையின் கருவி பொருந்துமா?

தச்சு மேசையின் பலகையில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றில் முளைகளை நட்டு, மரத்தை இடையில் வைத்து, மேசையோரத்து வைஸை முறுக்கினால் மரம் அசையாது நிற்கும். மற்றொரு கருவி வளைந்த இரும்புக் கொக்கி. அதன் தண்டைத் துளையில் இறக்கித் தலையில் ஒரு தட்டுத் தட்டினால், தண்டு துளைக்குள் சாய்ந்து இறுகிக்கொள்ளும். கொக்கியின் நுனி மரத்தை மேசையோடு அழுத்தும். இது இன்று நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. 79இல் எரிமலையால் புதையுண்ட ஹெர்குலேனியம் நகரின் சுவரோவியம் ஒன்றிலேயே இக்கொக்கி காணப்படுகிறது.

எமது ஆழ்வார்திருநகரியில், எம்மிடம் இளமையில் ஓதிய ஒருவர் தச்சுத் தொழில் செய்துவருகிறார். சேமித்த பணத்தைக்கொண்டு நல்ல வாகைப் பலகையில் மேசை ஒன்றை அமைத்து, அதில் ‘ஆறு நூல்’ அளவில் துளைகளிட்டார். நம் பக்கத்துத் தொழிலாளர் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பகுப்பர். ஆறு நூல் என்பது முக்கால் அங்குலம். முளைகளும் கொக்கிகளும் நம் ஊரில் கிடையா. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் சென்று பார்த்தார்; வைஸ் கிடைத்தது, ஏனையவை கிடைக்கவில்லை. எனவே, ‘முக்கால் அங்குல வகை’ என்று விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் முழுப் பணத்தையும் முன்னதாகவே செலுத்தி, இணையத்தின் வழியே வரவழைத்தார். வந்தவற்றுள் ஒன்றேனும் துளையில் இறங்கவில்லை. திரும்பப் பெற்றுக்கொள்ள விற்றவர் இசையவில்லை. அதற்கிடையே, பெருநாளுக்கு முன் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட நிலைக்கதவு வேலையோ பட்டறையில் காத்துக்கிடந்தது.

காரணம் மிகச் சிறியது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீட்டர். வந்த முளைகளோ 20 மில்லிமீட்டர். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரும் நிறைவதன்று. ஆயினும், இறங்காத முளை அரை நூல் பெரிதாயினும் அரை முழம் பெரிதாயினும் ஒன்றே. மெட்ரிக் அளவைக்கான சட்டம் நம் நாட்டில் 1956இலேயே இயற்றப்பட்டது. பேச்சில் நூலும் அங்குலமும் இன்னும் ஆட்சி செய்கின்றன. கட்டடத் தொழிலாளர் 20 மில்லிமீட்டர் கம்பியையும் ‘ஆறு நூல்’ என்பர். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டையும் ‘முக்கால்’ என்பர். கான்கிரீட்டினுள் மறையும் கம்பிக்கு இந்தத் தாராளம் பேச்சளவில் தீங்கு செய்யாது. துளையும் முளையும் கூடுமிடத்தில் அது செல்லாது.

அரபு மொழியில் ‘திராஉ’ என்னும் சொல் முன்கையையும் குறிக்கும், முழ அளவையும் குறிக்கும். ‘ஷிப்ர்’ என்பது சாண். ‘இஸ்பஉ’ என்பது விரல். தமிழரும் அரபியரும் தத்தம் உடலைக்கொண்டே அளக்கத் தொடங்கினர். ஆனால் ஒருவர் கை போல் மற்றவர் கை இல்லையே! இதனை நம் ஃபிக்ஹு அறிஞர்கள் நுணுக்கமாகக் கவனித்தனர். விலையை முன்னரே கொடுத்துவிட்டுப் பொருளைப் பின்னர்ப் பெறும் வணிகம் ‘ஸலம்’ எனப்படும். அதில் பொருளின் வகையும் தன்மையும் அளவும் இரு தரப்பாருக்கும் தெளிவாகத் தெரிந்திருத்தல் வேண்டும். அது மட்டுமன்று. குறிப்பிட்ட ஒருவரின் முழத்தைக்கொண்டோ, குறிப்பிட்ட ஒருவரின் மரக்காலைக்கொண்டோ, அதன் அளவு பிறருக்குத் தெரியாதபோது, அவ்வணிகம் செல்லாது என்று ஹனஃபி மத்ஹபின் குதூரி என்னும் நூல் வகுத்துரைக்கிறது. அம்மனிதர் மறைந்துவிட்டாலோ அம்மரக்கால் தொலைந்துபோனாலோ எதைக்கொண்டு அளப்பது? சோழர் காலத்திலும் கோயிற் சுவர்களில் அளவுகோலை வெட்டிவைத்தனர். ஐயமுற்றவர் சென்று ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். அளவு ஒருவர் கையில் இருத்தலாகாது, ஊரார் கண்முன் இருத்தல் வேண்டும் என்பதே இரண்டின் கருத்தும்.

மேசைக் கருவிகளின் உலகில் இன்று இந்த இரு முழங்களும் உள்ளன. ஆங்கில நாட்டு ஜோசப் விட்வொர்த் 1841இல் திருகாணியின் புரிகளுக்குப் பொது அளவு ஒன்றை முன்மொழிந்தார். அதன் பயனாக ஒரு பட்டறையின் திருகாணி மற்றொரு பட்டறையின் மரைக்குப் பொருந்தலாயிற்று. ஜெர்மனியின் ஃபெஸ்டூல் நிறுவனம் தன் மேசையில் 20 மில்லிமீட்டர் துளைகளை 96 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைத்தது. வேறு பலரும் அத்துளைக்கேற்ற கருவிகளைச் செய்யத் தொடங்கவே, ஒருவர் முழமாக இருந்தது ஊரார் முழமாயிற்று. இதற்கு மாறாக, தம் கருவியன்றிப் பிறருடையது நுழையாதபடி காடியையும் பூட்டையும் தமக்கே உரிய வடிவில் அமைப்போரும் உளர். அவர் அப்பொருளை நிறுத்திவிட்டால் மேசை அநாதையாகிவிடும்.

இவ்விளைஞர் என்ன செய்தார் என்பதையும் சொல்லவேண்டும். துளைகளைப் பெரிதாக்க எண்ணினார். ஏற்கெனவே துளையுள்ள இடத்தில் துரப்பணத்தின் நடுமுனைக்குப் பிடிமானம் இராது என்பதால் அதைக் கைவிட்டார். முளைகளை ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று 19 மில்லிமீட்டராகக் கடைந்து வாங்கினார். கொக்கியை நம் ஊர்ப் பக்கத்துக் கொல்லரிடமே அடித்து வாங்கினார். முளை துளைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். கொக்கியின் தண்டோ சற்று மெலிந்திருக்க வேண்டும், இல்லையேல் சாய்ந்து இறுகாது. பலகை தடித்திருத்தலும் வேண்டும். ஒற்றை பிளைவுட்டில் கொக்கி நன்கு பற்றாது. நிலைக்கதவு நான்கு நாள் பிந்திற்று. கூலியில் ஒரு பகுதியும் குறைந்தது. ஆயினும் இனி ஒரு முளை ஒடிந்தால் அவர் கடல் கடந்து தேட வேண்டியதில்லை.

வளைகுடாவிலிருந்து திரும்பும் பிள்ளைகள் பலர் கருவிப் பெட்டியோடு வருகின்றனர். இங்கே பட்டறை வைக்க விரும்புகின்றனர். அவர்களுக்குப் பணம் கொடுத்து உதவும் பெற்றோர் சிலவற்றைக் கேட்டறிதல் நன்று. துளையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர்? திருகாணி ஆறு மில்லிமீட்டரா, கால் அங்குலமா? கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர், புரியும் வேறு. பணம் அனுப்புமுன் இந்த எண்களை விற்பவரிடம் எழுத்தில் பெறுதல் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, இக்கருவி உடைந்தால் இதைப்போல் ஒன்றை நம் ஊர் லேத்திலோ கொல்லர் உலையிலோ செய்துகொள்ள இயலுமா என்று கேட்க வேண்டும். இயலும் எனில், விலை சற்றுக் கூடினும் அந்த மேசை நமக்குரியது. இயலாதெனில், விலை கொடுத்து வாங்கிய பின்னரும் அது விற்றவருக்கே உரியதாக இருக்கும்.