ஏவல் வினை

தமிழில் ஒரு வினைச்சொல்லை உரித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் மிஞ்சுவது ஒரு கட்டளை. நடந்தான், நடக்கிறாள், நடப்பார்கள் – காலத்தையும் ஆளையும் கழித்துவிட்டால் ‘நட’. பவணந்தி நன்னூலில் நட, வா என்று ஆரம்பித்து 23 வினையடிகளை, அவை முடியும் எழுத்தை வைத்து, மாதிரிக்கு அடுக்கினார். அவற்றுக்கு ஏவல் என்றே பெயரும் வைத்தார். புலவர் வகுப்பில் மனப்பாடம் செய்தபோது எனக்கு அது ஒரு பட்டியல், அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தை ஒட்டிய ஓர் ஆரம்பப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வினைச்சொல் சொல்லித்தரப் போன பிறகுதான், ஏவல் என்றால் எடுபிடி என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்பது உறைத்தது.

‘ஓடு’ என்ற அட்டையில் ஒரு பையன் ஓடிக்கொண்டிருப்பான். எதெல்லாம் ஓடும் என்று கேட்டால் வேறு ஊரில் நாய், பஸ், ஆறு என்று பதில் வரும். இங்கே முதலில் வந்தது பாவு, அடுத்தது நாடா. ‘நெய்’ என்ற அட்டையில் கிண்ணத்தில் நெய்யை வரைந்திருந்தார்கள். படத்தைக் கையால் மறைத்துப் படிக்கச் சொன்னேன். பிள்ளைகள் அதை வினையாகவே படித்தார்கள். வாய் சொல்லும்போதே பலருக்குக் கை காற்றில் எதையோ வெட்டி இழுத்தது.

1960களில் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் மொழி கற்பிக்க ஒரு முறை கண்டார். ஆசிரியர் ஏவுவார், மாணவர் உடம்பால் செய்வார், பேசச் சொல்லி அவசரப்படுத்தக்கூடாது. கொஞ்ச நாள் போனதும் ஏவுகிற உரிமை மாணவருக்கு மாறும். நான் இதைத் தமிழில் செய்து பார்த்தேன். முதல் பாதி சுலபம். குந்து என்றால் குந்தினார்கள், தாவு என்றால் தாவினார்கள். என்னை ஏவச் சொன்னபோது வகுப்பு ஸ்தம்பித்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து ‘நட’ என்று சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. கடைசியில் ஒரு பெண் ‘நடங்க சார்’ என்றாள். ஆங்கில வினை மேலும் கீழும் ஒரே வடிவில் போய்வரும். ஆஷருக்கு இந்தச் சிக்கல் தோன்றியிருக்க நியாயமில்லை. நம் வினையடி சரிவில் தண்ணீர் போலக் கீழ்நோக்கி மட்டும் பாயும். மேலே ஏற்ற ஒரு ‘ங்க’ வேண்டும். அம்மாவும் சாமியும் விதிவிலக்கு.

சாமி என்றதும் இந்த ஊரில் திருவெஃகா ஞாபகம் வராமல் போகாது. பல்லவ ராஜா கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். குருவான திருமழிசை ஆழ்வாரும் கிளம்பினார். பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். அவர் சுருட்டிக்கொண்டு போனார். பிறகு திரும்பி வந்து படு என்றதும் வந்து படுத்தார், தலைமாடு கால்மாடு மாறி. சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்பது அவர் பெயர். இந்தக் கதைக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏவியவர் மனிதர், செய்தவர் சாமி.

வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கும் கூட்டிப்போனேன். எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்மப் பல்லவன் கட்டியது. மூன்று நிலைகளில் இருந்தும் கிடந்தும் நின்றும் காட்சி தருவதாக அமைப்பு. மேல் நிலைகளைக் கீழே நின்று விரல் நீட்டிச் சொன்னேன். ஒருவன் கேட்டான்: ‘ஏன் சார் எதுலயுமே சாமி வேலை செய்யல?’

திங்கட்கிழமைகளில் இறந்தகாலம். நேற்று என்ன செய்தாய் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். ஆடினேன், ஊருக்குப் போனேன், சினிமா பார்த்தேன் என்று வரும். கடைசி வரிசைப் பையன் ஒருவன் வாரா வாரம் சொன்னது ஒரே வாக்கியம்: ‘தறியில இருந்தேன் சார்.’

காஞ்சிப் பட்டின் கோர்வைக்கு மூன்று நாடா வேண்டும். உடல் ஒரு நிறம், இரண்டு பக்கக் கரையும் வேறு. நெய்கிறவருக்குக் கை இரண்டுதான். மூன்றாவது நாடாவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். எட்டு பத்து வயதுப் பிள்ளைகள்தான் பல தறிகளில் அந்த ஆள். 1986ஆம் ஆண்டுச் சட்டம் நெசவைக் குழந்தைகளுக்குத் தடைசெய்த தொழில்களில் சேர்த்தது; குடும்பத் தறியை விட்டுவைத்தது. 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழிலிலிருந்தும் விலக்கியது. பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவலாம் என்றது. உதவு என்பதும் வினைதான்.

வகுப்பிலேயே அதிகம் வேலை செய்தவனிடம் செயலைச் சொல்லும் வினை ஒன்றுகூட இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. இருந்து என்ன செய்தாய் என்று ஒரு திங்கட்கிழமை விடாமல் கேட்டேன். வெகுநேரம் கழித்துச் சொன்னான். நாடா வாங்கினேன். திருப்பி வுட்டேன். அறுந்ததை முடிஞ்சேன். தார் சுத்தினேன். தூங்கிட்டேன். அடி வாங்கினேன். வினை என்பது காலத்தோடு தோன்றுவது என்கிறார் தொல்காப்பியர். அவன் சொன்ன ஆறையும் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு முழுக்கச் சத்தமாகப் படித்தது. அவன் சிலேட்டில் எழுதி வீட்டுக்கு எடுத்துப் போனான். தை பிறந்த பிறகு அவன் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

இப்போது நிலைமை வேறு. அப்பாக்களே ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். தறிச் சத்தம் அடங்கிய தெருவைப் பற்றி உருக்கமான கவிதைகள் எழுதுகிறார்கள்; எனக்கு அந்த உருக்கத்தில் பங்கில்லை. கவிதை என்றதால் ஒன்று சொல்ல வேண்டும். நம் புதுக்கவிதைகளில் பெயரும் அடையும் குவிந்து கிடக்கின்றன. யாராவது எதையாவது செய்ய வேண்டிய இடத்தில் ஒரு ‘இருக்கிறது’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. பேச்சிலோ ‘பண்ணு’ ஒன்றே எல்லாவற்றையும் செய்கிறது: ஜம்ப் பண்ணு, ஓபன் பண்ணு, வாஷ் பண்ணு. அத்தனை வினையையும் ‘செய்’ என்ற ஒரே வாய்பாட்டில் அடக்கிய இலக்கணக்காரர்களுக்குக்கூட இவ்வளவு தைரியம் வரவில்லை.

போன மாதம் அடுத்த வீட்டுத் திண்ணையில் ஒரு சிறுமி பூ கட்டிக்கொண்டிருந்தாள். தாத்தா நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். ‘பாட்டி, நூல் கட் ஆயிடுச்சு’ என்றாள். ‘அறுந்துடுச்சுன்னு சொல்லுடி’ என்றாள் பாட்டி. பேத்தி இரண்டு முனையையும் விரல் நுனியில் உருட்டி, பார்க்காமலே இழுத்து, கண் இமைக்குமுன் ஒன்றாக்கிவிட்டாள். முடிச்சு தெரியவில்லை. இப்போது என்ன செய்தாய் என்று கேட்டேன்.

‘டை பண்ணேன்’ என்றாள்.